உன் பட்டியலில் இல்லாத இரண்டு இடங்கள்

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் நல்ல சுகம். உன் சுகத்தை நேற்றுத்தான் கேட்டேன், அதனால் அதையே மறுபடி கேட்டு ஒரு பக்கத்தை நிரப்பப் போவதில்லை. வாப்பா ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். கடைகளெல்லாம் பூட்டியிருக்கின்றன, தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம்கூட இல்லை. சாய்ந்தமருதில் இப்படியோர் அமைதி வாரத்துக்கு ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும். அதற்குள் தொடங்கிவிட்டால் பிறகு நிறுத்த மனம் வராது என்று நினைத்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வட்சப்பில் குரலாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ அதை பஸ்ஸில் நின்றுகொண்டு, வேகத்தைக் கூட்டி வைத்து, ஒரு காதால் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். இதை நீ உட்கார்ந்து வாசிக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் உனக்குக் கோபம் வரும். அந்த இடத்தில் தாளை மடித்து வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் வாசி, அவ்வளவுதான் நான் கேட்பது.

போன வெள்ளிக்கிழமை நீ கொழும்பிலிருந்து போன் எடுத்துக் கேட்டது சின்னக் கேள்விதான். "உம்மா, எம்பிஏக்கு எத்தனை இடத்துக்குப் போடுற? பதினொண்டு கூடவா?" என்றாய். ஐந்து வருடமாக ஒரு கப்பல் சரக்குக் கம்பனியில் இருந்து, உனக்குக் கீழே நான்கு பேரை வைத்து வேலை வாங்குகிறவள் இதை இன்னும் உம்மாவிடம் கேட்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. பட்டியலைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன், அனுப்பினாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடிப் பார்த்தேன். முப்பது வருடம் வர்த்தகப் பாடம் படிப்பித்தவளுக்கு இவ்வளவாவது தெரிய வேண்டாமா? பதினொன்றும் பதினொரு ஊரில் இருந்தாலும் எல்லாம் ஒரே ரகம். கேட்டவரையெல்லாம் எடுத்துக்கொள்கிற இடங்கள். இரண்டு வருடமாக நீ பெருநாளுக்கு வரும்போதெல்லாம் கண்ணை விரித்துக் கதைத்த இரண்டு இடங்கள், சிங்கப்பூரில் ஒன்று, இங்கிலாந்தில் ஒன்று, அவை மட்டும் அந்தத் தாளில் இல்லை. "எங்க மகள் அந்த ரெண்டும்? எழுத மறந்திட்டியா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அதெல்லாம் எனக்குக் கிடைக்குமா உம்மா? எனக்கு அப்பவே கொழும்புக் கெம்பஸும் கிடைக்காமப் போயிட்டே. என்ட அளவு எனக்குத் தெரியும். பதினொண்டு போட்டா ஒண்டாவது விழும்தானே" என்றாய்.

"அடுப்புல சோறு இரிக்கி மகள், மறுகா எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அன்றிலிருந்து நீ எடுக்கும்போதெல்லாம் "பாத்துச் சொல்றன், பாத்துச் சொல்றன்" என்று கடத்திக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்று நேற்று நீ சொன்னாய். இனியும் கடத்த ஏலாது.

எத்தனை இடத்துக்குப் போடுவது என்ற கேள்வியோடு இந்த வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்துத்தான் நீ வளர்ந்தாய். ஏ.எல் பரீட்சை முடிவு வந்து, பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புகிற காலம் வந்துவிட்டால் நம் வாசலில் செருப்புக் கழற்ற இடம் இருக்காது. மருதமுனையிலிருந்தும் காரைதீவிலிருந்தும் பிள்ளைகள் விண்ணப்பக் கைநூலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், பின்னால் அவர்களின் தாயோ தகப்பனோ வருவார். நீதான் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டு வருவாய். நான் சொல்வது உனக்கு மனப்பாடம். குசினிக்குள் நின்று என்னைப் போலவே கையை ஆட்டிக் கதைத்துக் காட்டி வாப்பாவைச் சிரிக்க வைப்பாய். "ஒரு வரியையும் சும்மா விடாதீங்க. ஆசைப்பட்டத மேல எழுதுங்க. அது கிடைக்காட்டி தானா அடுத்த வரிக்கு வரும், ஒண்டும் குறையாது. ஆசைப்பட்டதக் கீழ எழுதிட்டீங்களெண்டா சரி, மேல ஒண்டு கிடைச்ச உடன கீழ பாக்கவே மாட்டாங்க." அந்த விண்ணப்பத்தின் முழு விடயமும் இவ்வளவுதான். ஒருமுறை ஒரு மீன்பிடிக்காரர் என்னோடு கோபித்துக்கொண்டார். "டீச்சர், ஒண்டையே ஒழுங்காக் கேப்பமே. இவ்வளவத்தையும் கேட்டா பேராசைக்காரனெண்டு நினைக்க மாட்டாங்களா?" என்றார். "இது மனிசன் வாசிக்கிற கடதாசி இல்ல காக்கா, கம்பியூட்டர் வாசிக்கிறது. அதுக்கு வெக்கமும் இல்ல, கோவமும் இல்ல" என்றேன். நீ தேத்தண்ணித் தட்டோடு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாய். அவருடைய மகள் மூன்றாவது வரியில் எடுபட்டு, இன்று அக்கரைப்பற்றில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். என்னைக் கண்டால் பாதையைக் கடந்து வந்து ஸலாம் சொல்வாள்.

பிறகு உன் முறை வந்தது. மாரி மழை விட்டு, முற்றமெல்லாம் காய்ந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், அசறுத் தொழுகைக்குப் பிறகு. இதே மேசை. வாப்பா கடையில். நீ எனக்கு முன்னால் கைநூலைத் திறந்து வைத்திருந்தாய். நான் வருவதற்கு முதலே, கொழும்பு முகாமைத்துவப் படிப்பின் இலக்கத்தை விண்ணப்பத்தின் முதல் வரியில் பென்சிலால் மெதுவாக எழுதியிருந்தாய். அவ்வளவு மெதுவாக எழுதியிருந்ததைப் பார்த்தபோதே, நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தி எழுதுவாய் என்று எனக்குத் தெரிந்தது. நான் அழிறப்பரை எடுத்து அதை அழித்தேன். "ஏன் உம்மா?" என்றாய். "ஒனக்கு வந்த புள்ளிக்குக் கொழும்பு வராது மகள். வராத ஒண்டுக்கு ஏன் மேல்வரிய வீணாக்குற?" என்றேன். பக்கத்திலிருக்கிற ஒலுவில் பல்கலைக்கழகத்தின் இலக்கத்தை முதல் வரியில் எழுதினேன். கொழும்பை ஐந்தாவது வரியில் போட்டேன். அடியோடு விட்டால் நீ சந்தேகப்படுவாய் என்பதற்காகப் போட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் "ஒண்டும் குறையாது" என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. நீ, "சரி உம்மா, ஒங்களுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிப் பேனையை எடுத்தாய்.

எனக்குத் தெரியும்தான் மகள். அந்தப் புள்ளிக்குக் கொழும்பு வரும் என்பதும் அன்றே தெரியும். முந்திய வருடங்களில் நம் மாவட்டத்துக்கு எந்தப் படிப்புக்கு எந்த வெட்டுப்புள்ளி என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தவள் நான். நீ அதற்கு மேலே, எட்டிப் பிடிக்க வேண்டிய அளவில் அல்ல, வசதியாக மேலே நின்றாய். பிறகு உனக்கு ஒலுவில் கிடைத்ததாகக் கடிதம் வந்தது, வாப்பா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வட்டிலப்பம் கொடுத்தார். அந்த வருடத்து வெட்டுப்புள்ளி பத்திரிகையில் வந்தபோது நான் தனியாக இருந்து பார்த்தேன். என் கணக்கு பிழைத்திருக்கக் கூடாதா, கொழும்பு உண்மையிலேயே உனக்கு வராமல் போயிருக்கக் கூடாதா என்று அந்தச் சின்ன எழுத்துக்களுக்குள் விரலை வைத்துத் தேடினேன். பிழைக்கவில்லை. அன்று மத்தியானம் சூரை மீன் வாங்கியிருந்தோம். அந்தத் தாளை விரித்து அதன் மேல்தான் மீனை வெட்டினேன். நீ அந்தப் பட்டியலைத் தேடவே இல்லை. நான் சொன்ன பிறகு நீ தேட வேண்டிய அவசியம் என்ன இருந்தது?

இப்போது கோபம் வந்திருக்கும். வரட்டும். ஏன் செய்தேன் என்று சொல்கிறேன், ஆனால் அதைச் சாட்டாக எடுத்துக்கொள்ளாதே. சுனாமியில் கடல் வந்த அன்று உனக்கு ஏழு வயது. ஆட்கள் சம்மாந்துறைப் பக்கம் ஓடிய ஓட்டத்தில் உன் கை என் கையிலிருந்து விட்டுப்போனது. காலையில் விட்ட உன்னைப் பின்னேரம்தான் கண்டேன். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், யாரோ ஒருவருடைய பெரிய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தாய். என்னைக் கண்டதும், "உம்மா, எங்க போன நீங்க?" என்று என்னைத்தான் ஏசினாய். அந்த ஒரு பகல் என்னைக் கெடுத்துவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதே பகலில் என்னைவிட எவ்வளவோ அதிகம் இழந்த தாய்மார் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பினார்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான்.

உண்மையான காரணம் அதைவிடச் சாதாரணமானது. இந்தக் கரையில் வீடு மகளுக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான். உன் வாப்பா மருதமுனையிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து முப்பத்து மூன்று வருடமாகிறது, இன்றைக்கும் என்னோடு கோபம் வந்தால் "ஒங்கட வீட்ட நீங்களே பாத்துக்கங்க" என்றுதான் சொல்வார். என் மூத்த மகன், உன் காக்கா, நிந்தவூருக்கு மாப்பிள்ளையாகப் போன அன்று நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு காணுமா என்பதுதான் என் கவலை. ஆண்பிள்ளையைப் பெற்ற அன்றே இவன் போகிறவன் என்று மனதைப் பழக்கிவிடுகிறோம். மகள் விடயத்தில் அந்தப் பழக்கமே இல்லை. நான் என் உம்மாவோடு ஒரே குசினியில் சமைத்தேன், அவர் மௌத்தாகும் வரைக்கும் ஒரே வீட்டில் இருந்தேன். நீயும் அப்படித்தான் என்று நினைத்தேன். உனக்காக மேல்மாடிக்குத் தூண் எழுப்பினோம், சுவருக்கு என்ன நிறம் என்று உன்னிடம் கேட்டோம். மகளைத் தூரத்துக்கு அனுப்பிவைப்பது எப்படி என்று எனக்கு யாரும் காட்டித் தரவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், போகாதே என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட நீ என்னோடு சண்டை பிடித்திருப்பாய், யாராவது ஒருவர் வென்றிருப்போம். நான் உன் புள்ளி காணாது என்று சொன்னேன். அதுதான் நான் செய்த அநியாயம்.

ஒலுவில் குறைந்த இடம் என்று நான் சொல்லவில்லை. அங்கே நல்ல ஆசிரியர்கள் உனக்குக் கிடைத்தார்கள், நல்ல சிநேகிதிகள் கிடைத்தார்கள். எனக்கும் அந்த நான்கு வருடங்கள் கிடைத்தன, அதை மறைத்து என்ன செய்ய? காலையில் நீ அக்கரைப்பற்று பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதும், தலைமறைப்புக்கு ஊசி காணவில்லை என்று வீட்டையே தலைகீழாக்குவதும், சோத்துப் பார்சலைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு "இண்டைக்கும் கத்தரிக்காயா?" என்று முகத்தைச் சுழிப்பதும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பஸ் காரைதீவைத் தாண்டியிருக்கும், இப்போது நிந்தவூருக்குப் போயிருக்கும், இப்போது இறங்கியிருப்பாய் என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே மனதுக்குள் எண்ணுவேன். பின்னேரம் நீ வந்து, முகம்கூடக் கழுவாமல் குசினி வாசலில் குந்தியிருந்து, அன்று நடந்ததையெல்லாம் சொல்வாய். விரிவுரையாளர் எப்படி நடந்தார், எந்தப் பெடியன் எந்தப் பெட்டைக்குக் கவிதை எழுதிக் கொடுத்து அவள் அதில் எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தாள், எல்லாம் சொல்வாய். நான் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டுச் சிரிப்பேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். அதைக் களவாக எடுத்தேன் என்பது தெரிந்துகொண்டே சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு நாள் மட்டும் அந்தச் சந்தோஷம் கசந்தது. உன்னோடு படித்த புத்தளத்துப் பிள்ளையை விடுமுறை நாளில் சாப்பிடக் கூட்டி வந்தாய். மெலிந்த பிள்ளை, விடுதிச் சாப்பாட்டில் இன்னும் மெலிந்திருந்தது. இறாலைப் பொரித்து வைத்தேன், வெட்கப்படாமல் சாப்பிட்டது. கதையோடு கதையாக, "இவ்வளவு தூரத்துக்கு ஒங்கட உம்மா எப்படி மகள் விட்டாங்க?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை விரலைச் சூப்பிக்கொண்டே, "உம்மாதான் டீச்சர் விண்ணப்பத்துல ஒப்பம் வெச்சாங்க. வெச்சிட்டு அறைக்குள்ள போய் அழுதாங்க. மறுகா வெளிய வந்து, பெட்டிக்கு என்னென்ன வேணுமெண்டு கேட்டாங்க" என்றது. நீ அதைக் கவனிக்கவில்லை, கறிச்சட்டியில் மிச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய். எனக்கு எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தாயை நான் கண்டதில்லை. எழுத்து வாசனை அதிகம் இல்லாத மனிசி என்று பிறகு நீதான் சொன்னாய்.

அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம். பட்டம் பெற்ற அன்று சொல்லியிருக்கலாம், கொழும்பில் வேலை கிடைத்துப் போன அன்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும், பிள்ளை நல்லாத்தானே இருக்கிறாள், இனி ஏன் கிளறுவது என்று விட்டேன். நான் உன்னிடமிருந்து எடுத்தது ஒரு நான்கு வருடத்துக் கொழும்பு வாழ்க்கை மட்டும்தான், அதை நீ எப்படியோ ஈடுசெய்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமை "என்ட அளவு எனக்குத் தெரியும்" என்று நீ சிரித்தபோதுதான் விளங்கியது. அந்த அளவு நான் சொன்ன அளவு. ஒன்பது வருடமாக அதையே நீ உண்மை என்று சுமந்துகொண்டு, சம்பள உயர்வு கேட்கப் பயந்து, பெரிய வேலைக்கு விண்ணப்பிக்கப் பயந்து, இப்போது பதினொரு சின்ன வாசலில் நின்று தட்டப் பார்க்கிறாய்.

புதன்கிழமை காலையில் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடியப்பத்தில் சொதியை ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "இஞ்சாருங்க, ஏசுறதெண்டா ஏசுங்க" என்றேன். அவர் ஏசவில்லை. "அவள்ர புள்ளிக்குக் கொழும்பு வந்ததா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். "நல்லா வந்ததா?" என்றார். "நல்லா வந்த" என்றேன். அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம், மகள். என் பிள்ளை கெட்டிக்காரி என்ற சந்தோஷம். அதற்குப் பிறகுதான் கண் கலங்கியது. "இத ஏன் எனக்குச் சொல்ற? அவளுக்குச் சொல்லு" என்று எழுந்து கையைக் கழுவினார். "அவள் இனி என்னோட கதைக்காம விட்டா?" என்று கேட்டேன். "விட்டா விடட்டும். அவள் சின்னதாக் கேக்குறத விட அது பறவாயில்ல" என்றார். உன் வாப்பா பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு சைக்கிள் சாமான் விற்கிற மனிதர். இந்த வீட்டில் சரியான விடையைச் சொன்னது அவர்தான்.

சரி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பதினொன்று கூடவா என்று கேட்டாய். ஓம், கூட. நான் முன்பு ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லா வரியையும் நிரப்பச் சொன்னது, அது ஒரே தாள், கம்பியூட்டர் வாசிக்கிற தாள் என்பதால். நீ இப்போது அனுப்பப் போவதை மனிதர்கள் வாசிப்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நீ யார், ஏன் அங்கே வர வேண்டும் என்று தனித்தனியாக எழுத வேண்டும். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து பதினொரு தடவை எழுதினால், மூன்றாவதுக்குப் பிறகு பெயரை மட்டும் மாற்றித்தான் அனுப்புவாய். வாசிக்கிறவர் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார், நான் பரீட்சைத் தாள் திருத்தியவள், எனக்குத் தெரியும். உன் மேலதிகாரியும் பாவம், பதினொரு பரிந்துரைக் கடிதம் எழுதச் சொன்னால் ஆறாவதில் உன் பெயரையே பிழையாக எழுதுவார். இன்னொன்றும் சொல்கிறேன். உனக்கு மாப்பிள்ளை கேட்டு நான் பதினொரு வாசல் ஏறி இறங்கினேன், எவன் ஓம் சொன்னாலும் சரிதான் என்று வந்தால், நீ என்னை வீட்டுக்குள் எடுப்பாயா? அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே, இது ஒன்று மட்டும் கிடைத்தால் நான் சந்தோஷமாகப் போவேனா என்று உன்னையே கேள். போக மாட்டேன் என்றால் வெட்டு. எனக்குத் தெரிந்தவரை எட்டுப் பெயராவது போய்விடும். மிச்சம் நிற்கிற இரண்டு மூன்றோடு அந்த இரண்டையும் சேர். நான்கோ ஐந்தோ, அது போதும். எனக்கு எண்ணிக்கை பெரிதல்ல. அந்த இரண்டும் உள்ளே இருக்க வேண்டும், அவற்றைத்தான் முதலில் எழுத வேண்டும், நீ களைத்துப்போகாமல் இருக்கும்போதே.

அந்த இரண்டும் இல்லை என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் உனக்கு வலிக்கும், நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். ஆனால் அவர்கள் உன்னைப் படித்துப் பார்த்து இல்லை என்று சொல்லியிருப்பார்கள். உனக்கு இது வரைக்கும் இல்லை என்று சொன்னது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, நான் ஒருத்திதான். நல்ல வழி காட்டச் சொல்லி இஸ்திகாரா தொழுதுவிட்டு எழுத உட்கார். மேல்மாடியை நினைக்காதே, என் முழங்காலை நினைக்காதே. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறேன், பக்கத்து வீடுகள் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், உன் காக்கா நிந்தவூரிலிருந்து கூப்பிட்டால் ஓடி வருவான். அவர்களெல்லாம் நீ ஆக மாட்டார்கள் என்பது வேறு கதை. அதை நான் சமாளித்துக்கொள்ள வேண்டும், அது உன் வேலை அல்ல.

தொழுகை முடிந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், வாப்பாவின் சைக்கிள் மணியும் கேட்கிறது. இதை நாளைக்குக் கொழும்புக்குப் போகிற உன் மாமியின் கையில் கொடுத்து அனுப்புகிறேன், திங்கட்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும். புதிய பட்டியலை எழுதியதும் வழமைபோலப் படம் பிடித்து எனக்கு அனுப்பாதே. நான் கேட்டாலும் காட்டாதே. எல்லாவற்றையும் அனுப்பி முடித்த பிறகு, அனுப்பிவிட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கோபத்தில் அதைக்கூடச் சொல்ல மனம் வராவிட்டால் வாப்பாவுக்குச் சொல், அவர் எனக்குச் சொல்வார். மிச்சமிருக்கிற நாட்களை என்னோடு சண்டை பிடிக்கச் செலவழிக்காதே மகள். விண்ணப்பத்துக்கு முடிவுத் திகதி இருக்கிறது. என்னோடு சண்டை பிடிக்க எந்தத் திகதியும் இல்லை, நான் இங்கேதான் இருப்பேன்.

உன் உம்மா